படம் முடிந்ததும் இரண்டு கார்டு போடுங்கள்

உண்மைக் குற்றங்களைப் படமாகவும் தொடராகவும் எடுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும், அவற்றை வாங்கி வெளியிடும் ஓடிடி நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

கதை விவாதத்துக்கு உட்காரும்போது உங்களில் பலர் உதாரணம் காட்டக்கூடிய ஒரு படத்தை வைத்தே இந்த மடலை எழுதுகிறேன். 2003-இல் வந்த ‘மான்ஸ்டர்’. பாட்டி ஜென்கின்ஸ் எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், 1989 கடைசியில் தொடங்கி ஒரு வருடத்துக்குள் ஏழு ஆண்களைச் சுட்டுக்கொன்ற ஐலீன் வோர்னோஸின் கதை. சார்லிஸ் தெரோனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. மட்டமான படம் ஒன்றை எடுத்துவைத்துக் குறை சொன்னால், “நாங்கள் அப்படியெல்லாம் எடுப்பதில்லை” என்று சுலபமாக நழுவிவிடுவீர்கள். அதனால்தான் நல்ல படத்தை எடுத்துக்கொண்டேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நிஜமாகக் கொலை செய்த ஒருவரின் கதையைப் படமாக்கினால், படம் முடிந்ததும் திரையில் எழுத்தாக இரண்டு கார்டு போடுங்கள். உண்மையில் நடந்ததில் எதையெல்லாம் மாற்றினோம் என்று ஒன்று. செத்தவர்கள் யார், என்ன செய்துகொண்டிருந்தவர்கள் என்று இன்னொன்று. ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதி மடல்.

‘மான்ஸ்டர்’ பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது மேக்கப்தான். தெரோன் பதினாலு கிலோ போல எடை ஏற்றினார், புருவத்தை மழித்தார், பொய்ப்பல் மாட்டினார், இவ்வளவு அழகான நடிகை அடையாளமே தெரியவில்லை பாருங்கள் என்று படத்துக்குப் படம் ஒட்டிக் காட்டுவார்கள். (அந்த மேக்கப்புக்கு ஆஸ்கரில் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பது தனிக் கூத்து.) எனக்கு மனதில் நின்றது வேறு. ஐலீனைப் படத்தில் லீ என்று கூப்பிடுகிறார்கள். அவள் பாலியல் தொழிலை விட்டுவிட்டு ஒழுங்கான வேலைக்குப் போகலாம் என்று கிளம்புகிறாள். ஒரு வக்கீல் ஆபீசில் செக்ரட்டரி வேலைக்கு நேர்காணல். படிப்பு இல்லை, அனுபவம் இல்லை, கம்ப்யூட்டர் தெரியாது. தாடையைத் தூக்கிக்கொண்டு, தோளைப் பின்னால் தள்ளிக்கொண்டு, தனக்கு எல்லாம் தெரியும் என்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் இருப்பவர் முதலில் நாசூக்காகப் பார்க்கிறார், பிறகு ஏளனமாகப் பேசுகிறார். மற்றவர்கள் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சம்பாதித்ததை நீ இப்போது திடீரென்று வந்து கேட்கிறாயா என்கிற தொனி. தோரணை அப்படியே உடைந்து வாயில் கெட்ட வார்த்தை வருகிறது. அந்தக் காட்சியில் தெரோன் செய்வதை எந்தப் பொய்ப்பல்லும் செய்யாது. ஒரு கொலைகாரியின் பக்கத்தில் நம்மை உட்காரவைக்கிற துணிச்சல் அந்தப் படத்துக்கு இருந்தது. பின்னணி இசையை ஏற்றிவிட்டு ஸ்லோமோஷனில் அவளை நடக்கவிடவும் இல்லை. நம்மூரில் கொலைகாரப் பாத்திரம் என்றாலே ஒரு மாஸ் பிஜிஎம் தயாராகிவிடுகிறது. அதைக் கொஞ்சம் யோசியுங்கள் என்று போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

ஐலீனின் இளமைக் காலம் எந்தத் திரைக்கதையையும் மிஞ்சியது. 1956 பிப்ரவரி 29 அன்று மிச்சிகனில் பிறந்தவர். பதினாலு வயதில் கல்யாணமான அம்மா, பெற்ற இரண்டையும் விட்டுவிட்டுப் போனார். அப்பா முகத்தையே பார்த்ததில்லை. சிறுமியிடம் தவறாக நடந்து தண்டனை பெற்ற அந்த ஆள் 1969-இல் சிறையில் தூக்குப்போட்டுக்கொண்டார். தாத்தா பாட்டி வளர்த்தார்கள். பதினாலு வயதில் கர்ப்பம். குழந்தை பிறந்ததும் தத்துக்குப் போனது. அடுத்த வருடமே வீட்டைவிட்டு வெளியே. பக்கத்துக் காட்டில் படுத்துத் தூங்கி, உடம்பை விற்றுப் பிழைத்து, பல மாநிலங்கள் அலைந்து ஃபுளோரிடா வந்து சேர்ந்தார். 1981-இல் ஒரு கடையில் துப்பாக்கியைக் காட்டி அவர் கொள்ளையடித்தது 35 டாலரும் இரண்டு பாக்கெட் சிகரெட்டும். அதற்கு ஜெயில். படம் இதையெல்லாம் தொடக்கத்தில் ஒரு குரலோடு கடந்துவிடுகிறது. அதில் எனக்குக் குறையில்லை. இரண்டு மணி நேரப் படத்தில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது.

ஆனால் முதல் கொலைக்கு வாருங்கள். படத்தில் அது எப்படி வருகிறது? காரில் ஏற்றிச் சென்றவன் அவளை அடித்து மயக்கமாக்கி, கட்டிப்போட்டு, சொல்லக் கூசுகிற வன்முறைக்கு உள்ளாக்குகிறான். அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறாள். பார்க்கிற யாருக்கும் அது தற்காப்புதான். நானும் அந்த இடத்தில் அவள் தப்பித்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நீதிமன்றத்தில் கதை வேறு மாதிரி போனது. முதலில் கொலையுண்ட எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரரின் கேமராவையும், போலீஸ் வேகக் கண்காணிப்பைக் காட்டிக்கொடுக்கும் ரேடார் கருவியையும் ஐலீன் அடகுக் கடையில் வைத்திருந்தார். ஃபுளோரிடாவில் அடகுச் சீட்டில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்று சட்டம். பொய்ப்பெயரில் அடகு வைத்தும் ரேகை காட்டிக்கொடுத்தது. கொள்ளையடிக்கக் கொன்றார் என்பது அரசுத் தரப்பு வாதம். 1992 ஜனவரியில் டீலேண்ட் நகரில் நடந்த விசாரணையில், என்னைக் கொடூரமாகப் பலாத்காரம் செய்தான், அதனால் சுட்டேன் என்று ஐலீன் சாட்சி சொன்னார். அந்த ஒரு கொலைக்கான வழக்கில் மற்றக் கொலைகளைப் பற்றிய சாட்சியத்தையும் ஜூரி முன் வைக்க ஃபுளோரிடா சட்டம் இடம் கொடுத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் குற்றவாளி என்றார்கள். ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரும் மரண தண்டனைக்குப் பரிந்துரைத்தார்கள். அதே வருடக் கடைசியில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் தோண்டியெடுத்தது என்னவென்றால், கொலையுண்ட அந்த முதல் ஆள் பல வருடங்களுக்கு முன் மேரிலாண்டில் பாலியல் தாக்குதலுக்காகத் தண்டனை அனுபவித்தவர். ஜூரி காதுக்கு அது போகவே இல்லை.

இதோடு நின்றிருந்தால், படம் காட்டியதே நியாயம் என்று நானும் வாதாடுவேன். நிற்கவில்லை. 2001-இல் ஐலீன் தனக்காக மேல்முறையீடு எதுவும் வேண்டாம், வக்கீல்களும் வேண்டாம் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். தற்காப்பு என்று சொன்னது பொய், கொள்ளையடிக்கத்தான் கொன்றேன் என்றார். அதற்குப் பிறகு, ஐலீனைப் பற்றி நிக் புரூம்ஃபீல்ட் எடுத்த இரண்டாவது ஆவணப்படத்தில், கேமரா ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசும்போது, தற்காப்புத்தான், ஆனால் இனி சிறையில் இருக்க முடியாது, சாகத்தான் வேண்டும் என்கிற பொருளில் சொல்கிறார். எது உண்மை? அவருடைய மனநிலையே அப்போது கேள்விக்குறி. 2002 செப்டம்பர் கடைசியில் கவர்னர் ஜெப் புஷ் தண்டனையைத் தற்காலிகமாக நிறுத்தி மனநல மருத்துவர்கள் மூவரை அனுப்பினார். அவர்கள் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, தனக்கு என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்டோபர் 9 அன்று விஷ ஊசி போட்டுத் தண்டனையை நிறைவேற்றினார்கள்.

ஆக, அந்த முதல் இரவுக்கு ஒருவர் வாயிலிருந்தே ஒன்றுக்கொன்று முரணான கதைகள். படம் அதில் ஒன்றை எடுத்து, கண்ணால் கண்டது போல் காட்டிவிட்டது. அப்படி எடுக்க இயக்குநருக்கு உரிமை உண்டு. நான் ஊகிப்பதும் ஏறக்குறைய அவர் ஊகித்ததையே. ஆனால் ஊகம் என்று எனக்குத் தெரிவது, படத்துக்கு வெளியே தேடிப் படித்ததால். திரையரங்கிலோ வீட்டு சோபாவிலோ பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்கு அது நிரூபிக்கப்பட்ட உண்மை. என்னுடைய முதல் கார்டு இதற்குத்தான்.

இரண்டாவது கார்டு, செத்தவர்களுக்கு.

கட்டட வேலை செய்துகொண்டிருந்த ஒருவர். காளை, குதிரை மீது ஏறி அடக்கும் ரோடியோ விளையாட்டில் பகுதிநேர வேலை பார்த்த ஒருவர். வணிகக் கப்பலில் வேலை செய்து ஓய்வுபெற்று, தேவாலய ஊழியத்தில் இருந்த 65 வயதுக்காரர். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை, அதனால் அந்தக் கொலைக்கு மட்டும் வழக்கே போடவில்லை, மற்ற ஆறுக்கும் ஆறு மரண தண்டனை. ஓகாலா ஊரில் கடை கடையாக சாசேஜ் விநியோகித்த ஐம்பது வயது டிரைவர். லாரி ஓட்டி, செக்யூரிட்டி வேலை பார்த்து, போலீசில் ரிசர்வ் ஆளாகவும் இருந்த அறுபதைத் தாண்டியவர். முதலில் செத்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

ஒருவரைக் கடைசிக்கு வைத்தேன். விமானப்படையில் மேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு ஊரில் போலீஸ் தலைவராக இருந்தவர். 56 வயதில் அவர் ஃபுளோரிடா அரசுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலை, குழந்தைகள் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்று புகார் வந்தால் போய் விசாரிப்பது. ஐலீன் போன்ற ஒரு சிறுமி இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் அவர் தொழில். மிச்சிகனில் அந்த வீட்டை அப்படி யாராவது தட்டியிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அவரை ஐலீன் 1990 செப்டம்பரில் சுட்டுக் கொன்றார். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் துணிந்து எழுத மாட்டார், எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று நாமே சொல்வோம்; ஆனால் நடந்தது. படத்தில் இந்த மனிதர் இந்த அடையாளத்தோடு இல்லை. மாறாக, தன்னை ‘டாடி’ என்று கூப்பிடச் சொல்லி நச்சரிக்கிற ஒருவன் வருகிறான். குழந்தைகளைச் சீரழிப்பவன் என்று லீ முடிவு கட்டிச் சுடுகிறாள். நமக்கும் பெரிதாக வருத்தம் வருவதில்லை. இவனை அந்த விசாரணை அதிகாரிக்குப் பதிலாக வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று மட்டும் பாருங்கள் என்கிறேன்.

படத்துக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கடைசியாகச் சாகிறவர் நல்லவர். ஸ்காட் வில்சன் நடித்திருக்கிறார். அவளிடம் எதையும் எதிர்பார்க்காமல் உதவி செய்ய வந்தவர். துப்பாக்கியைப் பார்த்துவிட்டதால் அவரை விட முடியாது. அவர் கெஞ்ச, அவள் அழ அழச் சுடுகிறாள். அது வரைக்கும் லீயின் பக்கமே நம்மைச் சாய்த்துக்கொண்டு வந்த படம், அங்கே நம்மைத் தனியாக விட்டுவிடுகிறது. அந்த ஒரு காட்சியால்தான் இது மரியாதைக்குரிய படம். ஆனாலும் ஏழு பேரின் பாரத்தையும் ஒரு கற்பனை மனிதர் தலையில் ஏற்றினால் எப்படி? படம் முடிகிறபோது ஐலீனுக்குத் தண்டனை நிறைவேறிய தேதி எழுத்தில் வருகிறது. செத்தவர்களைப் பற்றி ஒரு வரி அங்கே சேர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பெயர்களை மாற்றியது தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐலீனுடன் வாழ்ந்த பெண்ணின் பெயரையும் உருவத்தையும் மாற்றி, செல்பி என்ற சின்னஞ்சிறு பெண்ணாக ஆக்கியதில் எனக்குப் புகார் இல்லை. அவர் மீது வழக்கே இல்லை, நிம்மதியாக வாழ விடுவதுதான் முறை. போலீஸ் பக்கத்தில் இருக்க, அவர் ஐலீனுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே பேசியதும், அவரைக் காப்பாற்றுவதற்காகவே 1991 ஜனவரி 16 அன்று ஐலீன் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் நடந்தவை. அந்த போன் காட்சி நடந்ததற்கு நெருக்கமாக இருப்பதால்தான் அவ்வளவு வலிக்கிறது. பெயர் மாறியதால் அதன் உண்மை ஒரு சொட்டும் குறையவில்லை.

இனி பணம். இதைப் பேசாமல் உங்களுக்கு மடல் எழுதுவதில் அர்த்தமில்லை. குற்றவாளி தன் குற்றத்தின் கதையை விற்றுக் காசு பார்க்கக் கூடாது என்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் போட்டார்கள். நியூயார்க் சட்டத்தை 1991 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்தது. அது வேறு வழக்கு. ஐலீன் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். கைதாகி விசாரணைகூடத் தொடங்காத நிலையில், புலனாய்வு செய்த போலீஸ் அதிகாரிகள் மூவர் ஹாலிவுட்டோடு கதை உரிமை பேசுகிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. தீர்ப்பு வந்த அதே 1992-இல் தொலைக்காட்சிப் படம் வந்துவிட்டது. சிறையில் இருந்த ஐலீனைத் தத்தெடுத்த அம்மையாரும் அப்போதைய வக்கீலும் பேட்டிக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவதை, புரூம்ஃபீல்ட் அவரைப் பற்றி எடுத்த முதல் ஆவணப்படத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கொலை செய்தவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தக் கொலைகள் விலை போயின. ஜென்கின்ஸ் அந்தக் கும்பலில் ஒருவர் இல்லை. ஐலீனோடு கடிதத்தில் பேசினார். ஐலீன் தன் பால்யத் தோழிக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதக் குவியலைப் படிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. தெரோனும் அவற்றைப் படித்தே அந்த நடையையும் குரலையும் பிடித்தார். கொன்றவரின் கடிதங்களை வரிவரியாகப் படித்த அதே அக்கறையில் கால்வாசியை, செத்தவர்களின் வீட்டுப் பக்கமும் திருப்பினால் என்ன என்பதே என் ஆதங்கம்.

2004 ஆஸ்கர் விழா நடந்தது பிப்ரவரி 29 அன்று. உயிரோடு இருந்திருந்தால் ஐலீனுக்கு அன்று 48 வயது நிறைந்திருக்கும். இந்தத் தற்செயலைப் பலரும் சிலிர்ப்போடு எழுதுகிறார்கள். எனக்கும் முதலில் சிலிர்த்தது. ஓகாலாவில் அந்த சாசேஜ் டிரைவரின் வீட்டில் அன்று இரவு டிவியை அணைத்திருப்பார்களா என்று அடுத்தாற்போல் தோன்றியது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தமிழ்ப் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. விளம்பரத்தில் “உண்மைச் சம்பவத்தைத் தழுவியது” என்று பெரிய எழுத்தில் வரும். படம் தொடங்கியதும் “இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல” என்று கண் இமைக்கும் நேரத்தில் ஓடி மறையும். டிக்கெட் விற்க முதல் வரி, வக்கீல் நோட்டீசுக்கு இரண்டாவது வரி. இரண்டுமே பார்க்கிறவருக்காக எழுதியது இல்லை. அதன் பிறகு நன்றி கார்டில் நகைக்கடை, பிரியாணிக் கடை, பங்களா கொடுத்தவர், மாவட்டத்துப் பிரமுகர் எல்லோரும் வரிசையாக வருவார்கள். கொலையுண்டவரின் வயது வருவதில்லை.

“படம் டாக்குமெண்டரி இல்லை சார்” என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் படத்துக்குள் கை வைக்கச் சொல்லவில்லை. இரண்டு கொலையை ஒன்றாக்குங்கள், மூன்று போலீஸ்காரரை ஒரே பாத்திரமாக்குங்கள், காலத்தைச் சுருக்குங்கள். முடிந்த பிறகு, இன்ன இன்ன இடங்களில் கதைக்காக மாற்றினோம், முதல் கொலை எப்படி நடந்தது என்பதில் முரண்பட்ட வாக்குமூலங்கள் உள்ளன, நீதிமன்றம் இன்னபடி தீர்ப்பளித்தது என்று நான்கு வரி எழுதச் சொல்கிறேன். கிளைமாக்ஸின் கனம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கனமான கிளைமாக்ஸ் நான்கு வரியில் கரைந்துவிடாது.

செத்தவர்களின் குடும்பத்தார் பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். வயதும் தொழிலும் போதும். ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டும், போஸ்டர் ஒட்டிய பிறகு அல்ல, அதற்கு முன்னால். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எதிர்ச்சுவரில் தன் அப்பாவைக் கொன்றவளின் வேஷத்தில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் ஒரு மகன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. ஒரு போன், ஒரு கடிதம், முடிந்தால் நேரில் ஒருவர். அவர்கள் திட்டினால் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

ஓடிடி நிறுவனத்தாருக்குத் தனியாக ஒன்று. தயாரிப்பாளர் கார்டு போட்டுக் கொடுத்தாலும், படம் முடிந்த மூன்றாவது விநாடியில் அடுத்த எபிசோடுக்கோ அடுத்த கொலைப் படத்துக்கோ நீங்களே தள்ளிவிடுகிறீர்கள். உண்மைக் குற்றக் கதைகளுக்கு மட்டுமாவது அந்தத் தானியங்கி ஓட்டத்தை நிறுத்திவையுங்கள். மற்றபடி வாங்கும்போது போடுகிற ஒப்பந்தத்திலேயே இந்த இரண்டு கார்டையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால், இயக்குநரோடு நான் மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

இப்படிக்கு,
டிக்கெட்டுக்கும் சந்தாவுக்கும் காசு கட்டுகிற ஒரு பார்வையாளர்